பழைய படகை வாங்குமுன் தட்டிப் பாருங்கள்

"மாமா, அளம்பில்ல ஒரு பைபர் போட் விலைக்கு வந்திருக்கு. 25 குதிரை எஞ்சினோட. பெயின்ட் அடிச்சு புதுசு மாதிரி வச்சிருக்காங்க. நாளைக்கு வேற ஆள் பாக்க வருதாம். அட்வான்ஸக் குடுத்துரவா?"

கடந்த பங்குனி மாதம் ஒருநாள் இரவு எனது மருமகன் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது.

"ஒரு சதமும் குடுக்காத. காலையில நான் வாறன். நான் வரும் வரைக்கும் எஞ்சின ஸ்டார்ட் பண்ண வேணாம்னு மட்டும் சொல்லி வை" என்றேன்.

முல்லைத்தீவுக் கரையில் மீன், கருவாடு, ஐஸ், வலை வியாபாரம் செய்யும் எம்மில் பலர் என்றாவது ஒருநாள் பழைய படகொன்றுக்கு உரிமையாளராகி விடுகிறோம். சிலர் விரும்பி வாங்குகிறார்கள். சிலருக்குக் கொடுத்த கடனுக்குப் பதிலாகப் படகு வந்து சேர்கிறது. நாம் கடலுக்குப் போகிறவர்கள் அல்லர். படகைப் பற்றி எமக்குத் தெரிந்ததெல்லாம் அதன் நிறமும் விற்பவர் சொல்லும் விலையும்தான். லொறி வாங்கும்போது மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகின்ற நாம், படகு வாங்கும்போது மட்டும் கண்ணை நம்பிப் பணத்தைக் கொடுத்து விடுகிறோம். நானும் அப்படிக் கொடுத்தவன்தான்.

நான் கட்டிய தண்டம்

நான் பிறந்தது முல்லைத்தீவில். 1990 ஒக்டோபரில் உடுத்த உடையோடு வெளியேறி, இருபது வருடங்கள் புத்தளத்தில் வாழ்ந்து, யுத்தம் முடிந்த பின்னர் 2010இல் திரும்பி வந்து ஐஸ் பெட்டியோடு தொழிலை ஆரம்பித்தேன். 2012இல் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்ற ஆசை வந்தது.

நீல நிறப் பெயின்ட் பளபளக்க ஒரு படகு கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு உதவியாகக் கொடுக்கப்பட்ட படகுகளில் ஒன்று அது. இரண்டு கைகள் மாறி என்னிடம் வந்தது. சுற்றி நடந்து பார்த்தேன், விலையில் பதினைந்தாயிரம் குறைத்தேன், வாங்கிவிட்டேன். எனக்கு மீன் தரும் இரண்டு சகோதரர்களிடம் பங்குக்குத் தொழில் செய்யக் கொடுத்தேன்.

மூன்றாவது மாதம், கரை தெரியாத தூரத்தில், எஞ்சின் பூட்டியிருந்த பின்பலகை பிளந்தது. எஞ்சின் கடலுக்குள் போனது. அந்த ஓட்டையால் தண்ணீர் உள்ளே வந்தது. படகின் அறைகளுக்குள் இருந்த மிதவை நுரை ஏற்கெனவே தண்ணீர் குடித்துப் பாரமாகி இருந்ததால் படகு அவர்களைத் தாங்கவில்லை. மண்ணெண்ணெய்க் கேன்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு பேரும் ஓர் இரவு முழுவதும் கடலில் கிடந்தார்கள். விடியற்காலையில் வேறொரு படகு அவர்களைக் கண்டு தூக்கியது.

நான் ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மூத்தவர் என்னிடம் நட்டஈடு எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"போட்டைப் பாத்துத்தானே வாங்கினனீங்கள், நானா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. போன பணத்தை நான் பிறகு உழைத்து எடுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கற்பிட்டியில் எனக்குத் தெரிந்த பைபர் பாஸ் ஒருவரின் பட்டறையில் போய் இருந்து, ஒரு படகை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டேன். அவர் சொல்லித் தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வயது பெரிய விடயமல்ல

"எத்தனை வருசம் ஓடின போட்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஆனால் அதைவிட முக்கியமானது, எப்படிச் செய்யப்பட்ட படகு என்பது.

எமது வடபகுதியிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, சரக்கு ஏற்றி ஓடிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கப் படகோட்டி வாங்கினார். தன் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். 1938இல் அந்தக் கப்பல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அவர் வாங்கியது பாவித்த கப்பல்தான். கட்டியவர்களின் கைவேலை நன்றாக இருந்தபடியால் அது பாதி உலகத்தைத் தாண்டியது.

பைபர் படகுகளும் அப்படித்தான். 1940களில் அமெரிக்காவில் பைபர் படகுகள் செய்யத் தொடங்கினார்கள். 1950களின் இறுதியில் செய்யப்பட்ட பைபர் பாய்ப்படகுகள் சில இன்றும் ஓடுகின்றன. மறுபக்கம், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் இலங்கை உட்படப் பல நாடுகளில் அவசர அவசரமாகப் படகுகள் செய்து கொடுக்கப்பட்டபோது, தரமற்ற படகுகள் மீனவரின் உயிருக்கே ஆபத்து என்று ஐ.நா.வின் உணவு விவசாய ஸ்தாபனம் எச்சரிக்க வேண்டியிருந்தது. அவற்றில் நன்றாகச் செய்தவையும் இருந்தன. கண்ணாடி நார் மெட்டைக் குறைத்து, ரெசின் சரியாக ஊறாமல் செய்தவையும் இருந்தன. இரண்டுக்கும் வெளியே ஒரே பெயின்ட்தான்.

மேல்நாடுகளில் உல்லாசப் பாய்ப்படகு வாங்குகிறவர் தன் செலவில் ஒரு சர்வேயரை அமர்த்துவார். விற்பவரின் ஆளை நம்பமாட்டார். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்து, சுவரில் ஈரம் அளக்கும் கருவியால் அளந்து, சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டி, பிறகு கடலில் ஓட்டிப் பார்த்த பின்னரே விலை முடிவாகும். எமது கரையில் அப்படி ஒரு சர்வேயர் இல்லை. ஆனால் அவர் செய்யும் வேலையில் முக்கால்வாசியை, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சுண்ணக்கட்டி, ஒரு டோர்ச், இரண்டு மணித்தியாலம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு நாமே செய்யலாம்.

காலை வெயிலில் பாருங்கள்

அளம்பில் கரைக்கு நான் போனபோது நேரம் காலை ஆறரை. அந்த நேரத்தில் போனதற்குக் காரணம் உண்டு. வெயில் சாய்வாக விழும்போது படகின் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால், மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. பட்டி பூசி மறைத்த இடங்களை முதலில் காட்டிக் கொடுப்பது இந்தச் சாய்வு வெயில்தான். எமது கரைகளில் யுத்த காலத்துச் சன்னம் துளைத்த ஓட்டைகளைப் பட்டியால் மட்டும் அடைத்து விற்ற படகுகளையும் நான் கண்டிருக்கிறேன். முறையான திருத்தம் என்றால் உடைந்த இடத்தைச் சுற்றி அகலமாகத் தேய்த்து, மெட்டும் ரெசினும் படை படையாக வைத்துக் கட்ட வேண்டும். பட்டி வெறும் ஒப்பனை மாத்திரமே.

அடுத்து, அணியத்துக்கு நேரே சற்றுத் தூரத்தில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கின்றதா? பின்பு அடிப்புற ஏராக்கட்டையின் நீளத்துக்குக் கண்ணை ஓட்டுங்கள். நேராக இருக்கின்றதா, நடுவில் வளைந்திருக்கின்றதா? வருடக்கணக்கில் பிழையான தாங்கலில் ஏற்றி வைத்த படகு முறுகிப் போயிருக்கும். அதை நேராக்க முடியாது.

புதுப் பெயின்ட் அடித்த படகை அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும். விற்பதற்கு முந்திய வாரம் ஒருவர் ஏன் பெயின்ட்டுக்குச் செலவு செய்கிறார் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டும் சத்தம்

ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் படகின் உடம்பை நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டக், டக்" என்று இறுக்கமாகச் சத்தம் தரும். உள்ளே படைகள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்றிருந்தால், அல்லது ஈரம் ஊறியிருந்தால், "பொத், பொத்" என்று செத்த சத்தம் வரும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் எமது பெண்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். செத்த சத்தம் வந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். கடைசியில் எத்தனை வட்டம், எவ்வளவு பெரிது என்று பார்த்தால் படகின் நோய் முழுவதும் வரைபடம்போலத் தெரியும்.

படகுச் சொந்தக்காரப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "நானா, டொக்டர் நெஞ்சைத் தட்டிப் பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறியள்" என்றார். அவர் நல்ல மனிதர். நான் தட்டுவதைத் தடுக்கவில்லை. தட்ட வேண்டாம் என்று சொல்பவரின் படகை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடிப்புறத்தை உள்ளங்கையால் பலமாக அழுத்தியும் பாருங்கள். தகர டப்பாபோல உள்ளே போய் வெளியே வந்தால் படை மெல்லியது. சிறு கொப்புளங்கள் இருந்தால் மேற்பூச்சுக்குள் தண்ணீர் புகுந்துள்ளது. நாலைந்து கொப்புளம் பெரிய குறையல்ல. உடம்பு முழுக்கக் கொப்புளம் என்றால் விலகிக்கொள்ளுங்கள். நட்சத்திரம்போல வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் ஏதோ பலமாக மோதியிருக்கிறது. உள்ளே டோர்ச் அடித்து அதே இடத்தைப் பாருங்கள்.

உயிர் இருக்கும் இரண்டு இடங்கள்

முதலாவது, எஞ்சின் பூட்டும் பின்பலகை. என்னைக் கவிழ்த்தது இதுதான். வெளியே பைபர் தெரிந்தாலும் அநேகமான படகுகளில் இதற்கு நடுவில் இருப்பது பிளைவூட். எஞ்சினைப் பூட்டத் துளைத்த ஆணித் துளைகளால் தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே போகும். வெளித்தோல் நன்றாக இருக்க, உள்ளே பலகை உக்கிச் சாணம்போல ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க, எஞ்சின் பூட்டியிருக்கும்போதே அதைச் சற்று உயர்த்திப் பிடித்து, அதன் கீழ்க்காலைப் பலமாக அழுத்துங்கள். இன்னொருவர் பின்பலகையின் இரண்டு மூலைகளையும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். பலகை அசைந்தாலோ மூலையில் வெடிப்பு வாய் திறந்தாலோ உள்ளே உக்கல் இருக்கிறது. ஓர் ஆணியைக் கழற்றிப் பார்க்கவும் கேளுங்கள். துளையிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

இரண்டாவது, மிதவை அறைகள். மரம் மிதக்கும். பைபர் மிதக்காது. ரெசினும் கண்ணாடி நாரும் சேர்ந்த சுவர் தண்ணீரைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு பாரமானது. தண்ணீர் நிரம்பிய பைபர் படகை மிதக்க வைப்பது, அணியத்திலும் இருக்கைகளின் கீழும் அடைக்கப்பட்டிருக்கும் காற்றும் நுரையும்தான். அந்த நுரை தண்ணீர் குடித்திருந்தால், படகு கவிழும் நாளில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அறைக்கு மூடி இருந்தால் கழற்றிக் கையை விட்டுப் பாருங்கள். மூடி இல்லையென்றால் பாரத்தைக் கொண்டு கணியுங்கள். இதே அளவான படகைக் கரையேற்ற எத்தனை பேர் தேவை என்று பக்கத்து வாடியில் கேளுங்கள். ஆறு பேர் இழுக்கும் படகுக்கு ஒன்பது பேர் தேவைப்பட்டால் மற்ற மூன்று பேரும் தண்ணீரைத்தான் இழுக்கிறார்கள்.

இவற்றோடு, அடிப்புற ஏராக்கட்டையையும் மறவாதீர்கள். எமது கரையில் ஒவ்வொரு நாளும் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறார்கள். மணல் அரத்தைப்போல அதைத் தேய்த்துவிடும். கண்ணாடி நார் வெளியே தெரிந்தால், அந்த நாரின் வழியே தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இது திருத்தக்கூடிய குறை. ஆனால் அதற்கான செலவு விலையில் கழிக்கப்பட வேண்டும்.

எஞ்சின் சூடாக இருக்கக் கூடாது

எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லி வைத்தது இதற்காகத்தான். சூடான எஞ்சின் எதுவும் இலகுவில் இயங்கும். நோய் தெரிவது குளிர்ந்த எஞ்சினில்தான். நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

ஸ்டார்ட் செய்யுமுன் கீழ்க்காலில் இருக்கும் கியர் எண்ணெயில் சில துளிகளை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் சீல் போய் உள்ளே கடல் நீர் நுழைந்துவிட்டது. இரும்புத் தூள் மின்னினால் பற்சக்கரம் தேய்கிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் மானியால் அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கு இடையில் பத்துவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெரிய வேலை காத்திருக்கிறது. புரொப்பெல்லரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தண்டு ஆடக் கூடாது. இயங்கும்போது குளிரூட்டும் தண்ணீர் தாரையாக வெளியேற வேண்டும். துளித்துளியாக வந்தால் உள்ளே உப்புக் கட்டியிருக்கிறது.

எஞ்சின் எப்போதாவது கடலில் மூழ்கியதா என்று நேரடியாகவே கேளுங்கள். சுனாமி, யுத்தம், 2020 டிசம்பரில் திருகோணமலைக் கரையைக் கடந்த புரவிப் புயல் என்று பலதையும் கண்ட கடற்கரை இது. மூழ்கிய எஞ்சினை உடனே கழுவித் துடைத்தால் பிழைக்கும். இரண்டு நாள் கிடந்ததென்றால் உள்ளே துரு வேலை செய்துகொண்டே இருக்கும்.

எமது படகுகளில் அநேகமானவை பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் எஞ்சின்கள். இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். பீப்பாத் தண்ணீரில் வைத்து உறும விட்டால் போதாது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலில் அரை மணித்தியாலமாவது ஓட்டி, எத்தனை லீற்றர் குடித்தது என்று அளக்க வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியதை எந்த மீனவரும் மறக்கமாட்டார். தேய்ந்த எஞ்சினொன்று நாளுக்கு 5 லீற்றர் அதிகமாகக் குடித்தால், பழைய விலையில் அது 435 ரூபா. அந்தப் புதிய விலையில் 1,700 ரூபா. மாதம் 20 நாள் தொழிலுக்குப் போனால் 34,000 ரூபா. மலிவாக வாங்கிய எஞ்சின் ஒரு வருடத்தில் தன் விலையைத் தானே குடித்துவிடும்.

படகு யாருடையது?

படகும் எஞ்சினும் நன்றாக இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். விற்பவருக்கு அதை விற்க உரிமை இருக்கின்றதா?

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுப் பத்திரத்தில் உள்ள இலக்கமும் படகில் எழுதியுள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எஞ்சினில் பொறித்துள்ள இலக்கத்தையும் வாங்கிய பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். இலக்கம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் அந்த எஞ்சின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து கடன். எமது கரையில் மீன் வியாபாரியிடமோ சம்மாட்டியிடமோ முற்பணம் வாங்காத படகு குறைவு. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய மறுநாள் இன்னொருவர் வந்து "இது என் காசு" என்று அணியத்தில் கை வைப்பார். எனவே அந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் போய் விசாரியுங்கள். சங்கத்துக்குத் தெரியாத கடன் கரையில் இல்லை. கைமாறியதும் கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் உங்கள் பெயருக்குப் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று விட்டவர்கள் ஒரு விபத்தின்போதோ, நிவாரணம் கொடுக்கப்படும்போதோதான் அதன் நட்டத்தை அறிகிறார்கள்.

முற்பணம் கொடுப்பதென்றால் பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: கடலில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியில்லாவிடின் பணம் திருப்பித் தரப்படும். இந்த ஒரு வரி இல்லாததால் முற்பணத்தை இழந்தவர்கள் பலர்.

விலை போடும் முறை

அளம்பில் படகுக்கு நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். கணக்கு விளங்குவதற்காக முழு எண்களில் தருகிறேன். இவற்றைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரியவர் கேட்டது 550,000 ரூபா. மருமகன், "ஐஞ்சுக்கு முடிக்கலாம்" என்றான். நான் விற்பவரின் விலையிலிருந்து இறங்கவில்லை, வேறு இடத்திலிருந்து தொடங்கினேன். குறையில்லாத இதே மாதிரிப் படகும் எஞ்சினும் கரையில் என்ன விலைக்குப் போகின்றன? கள்ளப்பாடு, அளம்பில், நாயாறு ஆகிய மூன்று இடங்களில் விசாரித்ததில் 600,000 என்று வந்தது. இதிலிருந்து கழிக்க வேண்டியவை: தேய்ந்த ஏராக்கட்டையைக் கட்ட 35,000. ஈரமான ஒரு மிதவை அறையைத் திறந்து நுரை மாற்ற 40,000. எஞ்சினின் சீலும் தண்ணீர்ப் பம்பும் மாற்ற 30,000. இந்த வேலைகளுக்காகப் படகு கரையில் கிடக்கும் பத்து நாளின் வருமானம் 50,000. மொத்தம் 155,000. அப்படியென்றால் இந்தப் படகுக்கு நான் கொடுக்கக்கூடிய உச்ச விலை 445,000.

கடைசியாகச் சொன்ன பத்து நாளைப் பெரும்பாலானோர் கணக்கில் சேர்ப்பதில்லை. எமது பக்கம் ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். மிச்சமுள்ள மாதங்களில்தான் உழைக்க வேண்டும். பங்குனியில் பத்து நாள் கரையில் கிடப்பதும் மார்கழியில் பத்து நாள் கிடப்பதும் ஒன்றல்ல. வாடைக் காலத்தில் வாங்குவதில் ஒரு நன்மை, படகு காய்ந்து கரையில் இருக்கும், விற்பவருக்கும் பணம் தேவைப்படும். தீமை, கடலில் ஓட்டிப் பார்க்க முடியாது. அப்போது நாயாற்றுக் களப்பு போன்ற அமைதியான நீரிலாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சுண்ணக்கட்டி வட்டங்களைப் பெரியவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். கணக்கையும் அவர் முன்னாலேயே எழுதிக் காட்டினேன். பின்பலகை உறுதியாக இருந்ததை மனதாரப் புகழ்ந்தேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நானூற்றி நாப்பத்தைஞ்சைத் தாங்கோ" என்றார். ஒரு ரூபாவும் குறைத்துக் கேட்கவில்லை. கொடுத்தோம்.

பார்த்து வாங்கியவரின் பொறுப்பு

எமது நாட்டில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் போக்கு இதுதான்: வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் கண்டிருக்கக்கூடிய குறைக்குப் பின்னர் விற்றவரைப் பொறுப்பாக்குவது கடினம். அதாவது, சும்மா சுற்றி நடந்து பார்த்துவிட்டு "பார்த்தேன்" என்று சொல்பவருக்குச் சட்டமும் பெரிதாக உதவாது. மூத்தவர் ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் நீதிமன்றமும் கேட்கும்.

விற்பவரின் பக்கமும் ஒன்று உண்டு. தெரிந்த குறையை மறைத்து விற்கக் கூடாது என்பதும், மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதும் எமது மார்க்கம் கூறும் வணிக ஒழுங்கு. துணி வியாபாரத்தில் குறையை மறைத்தால் ஒருவருக்குப் பணம் நட்டம். படகில் மறைத்தால் இரண்டு குடும்பங்கள் கரையில் நின்று விடியும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

அண்மையில் எனது பழைய படகொன்றை விற்றேன். இடது பக்கத்தில் இருக்கைக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவில் செத்த சத்தம் தரும் இடம் ஒன்று இருந்தது. பெயின்ட் அடித்தால் எவருக்கும் தெரியாது. மருமகனும் அதையே சொன்னான். வாங்க வந்த தீர்த்தக்கரைத் தம்பி கிட்ட வந்ததும் சுண்ணக்கட்டியை எடுத்து நானே அந்த இடத்தில் வட்டம் போட்டுக் காட்டினேன். அவர் இருபதாயிரம் குறைத்துக் கேட்டார். சரியென்றேன்.

காசை எண்ணித் தந்துவிட்டுப் படகைத் தள்ளுவதற்கு ஆட்களைக் கூப்பிட்டார். குறையை நானாகவே சொல்லிவிட்டபடியால் மற்ற இடங்களை அவர் பார்க்கவே இல்லை. நான் ஆட்களை நிறுத்தச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்து, "அணியத்துல இருந்து தொடங்குங்க தம்பி. முழுக்கத் தட்டிப் பாத்துட்டுக் கொண்டு போங்க" என்றேன்.